காந்தளூர்ச் சாலையும் ஒரு ஜெர்மானியரும்

‘கலம்’ என்றால் என்ன என்று நம் வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டால் சோறு வைக்கும் பானையைக் காட்டுவார்கள். பழந்தமிழ் கற்றவரைக் கேட்டால் மரக்கலம் என்பார். உண்ணும் தட்டு, அணியும் நகை என்றும் அதற்குப் பொருள் உண்டு. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான், முதலாம் இராசராச சோழன் நம்முடைய இந்தத் தென் மூலையில் என்ன செய்தான் என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்துக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

யூஜென் ஹுல்ஷ் 1857-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். லைப்சிக்கில் கீழ்த்திசை மொழிகளைக் கற்றார். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்தார். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்கள் அச்சேறியதும் அவர் கையால்தான். 1903-இல் நாடு திரும்பி ஹாலே பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியரானார். அசோகன் சாசனங்களை 1925-இல் புதிதாகப் பதிப்பித்தார். 1927-இல் மறைந்தார்.

இராசராசன் சாசனங்களில் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். முதல் தொகுதியில் ஹுல்ஷ் இதற்கு, காந்தளூரில் அணிகலன் போன்றதொரு மண்டபம் கட்டினான் என்று பொருள் எழுதினார். பின் வந்த தொகுதிகளில் அதை மாற்றி, காந்தளூர்ச் சாலையில் மரக்கலங்களை அழித்தான் என்றார். கட்டினான் என்பதற்கும் அழித்தான் என்பதற்கும் எவ்வளவு தூரம்! இதைப் பார்த்து, ‘வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது’ என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது நியாயமல்ல. தவறு என்று தோன்றியதும் தன் பழைய முடிவை அச்சிலேயே மாற்ற அவர் தயங்கவில்லை. அதைவிடப் பெரிது, மொழிபெயர்ப்போடு மூலத்தையும் எழுத்துக்கு எழுத்து அச்சிட்டார். அவரை மறுக்க நினைப்பவர்களுக்கும் சான்று அவர் பக்கத்திலேயே கிடைத்தது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ‘சாலை’ என்பது இந்த நாட்டில் எப்படிப்பட்ட அமைப்பு என்பது அந்தச் சொற்பொருளில் இடம் பெறவில்லை. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். சென்னை அரசின் ஆய்வாளருக்கு அது வெளியூர். அந்தக் குறையைத் தீர்த்தது பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு. திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் இருந்த து. அ. கோபிநாத ராவ் அதை வெளியிட்டார். கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றபின், அதாவது கி.பி. 866-இல், ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கிக் கோயில் கட்டி, 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் நிறுவினான். நடைமுறையெல்லாம் காந்தளூர்ச் சாலையைப் பின்பற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. சேருகிறவனுக்கு இலக்கணமும் புரோகிதமும் மூன்று அரசுகளின் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, சாலை என்பது சோறு போட்டுப் படிக்க வைத்த இடம். அப்படியானால் அங்கே அறுக்கப்பட்ட ‘கலம்’ கப்பலா, உண்கலமா? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1939-இல் ‘காந்தளூர்ச் சாலை’ என்று தனி நூலே எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை.

முடியாததை முடிந்ததாகச் சொல்வதுதான் இன்றைய வியாதி. காந்தளூரில் போர்க்கல்லூரியைச் சோழன் இடித்தான் என்று ஒருவர் மேடையில் அடித்துச் சொல்கிறார், கைதட்டு விழுகிறது. மூலத்தைப் பாத்தீங்களா என்று கேட்டால் பதில் இல்லை. டிரெஸ்டனில் பிறந்தவர் நம் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டு, தன் தவறையும் திருத்திக்கொண்டார். நாமோ தாய்மொழி என்ற உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு படிக்காமலேயே தீர்ப்பு எழுதுகிறோம்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. செப்பேடு சொல்லும் பார்த்திவபுரமும் முஞ்சிறையும் எல்லைக்கு அந்தப் பக்கம். காந்தளூர் என்று பலரும் கருதும் வலியசாலை, திருவனந்தபுரத்தில், இந்தப் பக்கம். நடுவில் இருக்கிற நம் பிள்ளைகளில் பலர் தமிழைப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். அடுத்த ஓணம் விடுமுறையில் களியக்காவிளை தாண்டிப் பார்த்திவபுரம் கோயிலுக்கு அவர்களை ஒருமுறை கூட்டிப் போங்கள். அதற்கு முன் வீட்டில் தினம் பத்து வரியாவது தமிழ் வாசிக்கச் சொல்லுங்கள். கலம் எது என்று நாளை அவர்களே படித்துச் சொல்லட்டும்.