சிலை கடல் தாண்டினால் வரி யார் பாடு?

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக் கற்சிற்பத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுக்கு விலை சொல்லும்போது, "அங்க வர்ற வரி உங்க பாடு" என்று முடித்துக்கொள்வது இத்தொழிலின் பழைய வழக்கம். கோயில் திருப்பணிக்கு ஆளுயரச் சிலைகள் கப்பலேறும் வரை இந்த ஏற்பாட்டில் பழுதில்லை. வாங்குவது கோயில் குழு. துறைமுகத்தில் சரக்கை விடுவிக்க அவர்களுக்கு முகவர் இருப்பார். வரியும் முன்பே திட்டத்தில் ஏறியிருக்கும்.

ஆன்லைனில் எட்டுக் கிலோ விநாயகரை வாங்குபவர் வேறு ஆள். வீட்டு வாசலில் கூரியர்காரர் வரியோடு கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டால், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சிலர் வாங்கவே மறுப்பார்கள். மறுத்த கல்லைத் திரும்பக் கொண்டுவரும் செலவு சிலையின் விலையையே தின்றுவிடும்.

இந்தியப் பக்கத்தில் பெரிய தலைவலி இல்லை. ஏற்றுமதியாளர் எண்ணுக்கு 500 ரூபாய் கட்டணம். ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம். உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். உள்ளூர் விற்பனையில்தான் வேடிக்கை. 2018 ஜூலை முதல் கல்லில் செய்த தெய்வ உருவங்களுக்கு வரி கிடையாது, மற்றச் சிலைகளுக்கு உண்டு. ஒரே உளி, ஒரே கல். பிள்ளையாருக்கு விலக்கு, வள்ளுவருக்கு வரி!

கணக்கு சிக்கலாவது அக்கரையில்தான். அந்த எட்டுக் கிலோ விநாயகர் 15,000 ரூபாய், அனுப்பும் செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 19 சதவீத வாட் 27,000 ரூபாய்க்கும் சேர்த்து விழும்: 5,130 ரூபாய். சிலைக்கு மட்டும் என்றால் 2,850தான். பட்டுப் புடவை விற்பவருக்கு இந்த வித்தியாசம் சில்லறை. கல் விற்பவருக்கு அதுவே லாபம். பிரிட்டனில் இன்னொரு முரண். 2021 முதல், 135 பவுண்டு வரையுள்ள பொருளுக்கு வாட்டை விற்பவரே வசூலித்துக் கட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் இறக்குமதியின்போது வாங்குபவரிடம் கேட்பார்கள். ஆக, பெரிய சிலையை விடச் சின்னச் சிலை விற்பதில்தான் எழுத்து வேலை அதிகம்.

எட்ஸி, அமேசான் போன்ற சந்தைத் தளங்கள் இந்தச் சின்னச் சிலைகளின் வாட்டைத் தாங்களே பிடித்துக் கட்டிவிடுகின்றன. கமிஷன் கொடுத்தாலும் தனிப் பட்டறைக்கு இது லாபமே. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் பொட்டலத்தின் மின்னணு விவரத்தில் தளத்தின் வரி எண் விடுபட்டால், வாங்குபவர் இரண்டாவது முறை வரி கட்ட நேரிடும். தளம் வரியைக் கட்டிவிட்டது என்று அலட்சியமாக இருக்க முடியாது.

அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை சுங்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29இல் எல்லா நாடுகளுக்கும் நின்றது. அதே வாரம் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமானது. இந்திய அஞ்சல் துறை அமெரிக்கச் சேவையை நிறுத்தி, அக்டோபர் 15இல் மீண்டும் தொடங்கியபோது, அந்த வரியை அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கியது. நம் விநாயகருக்கு அது 7,500 ரூபாய் ஆனது. வாங்குபவர் வாசலில் திகைக்க வேண்டாம் என்பது இம்முறையின் பலம். ஆர்டர் எடுத்த நாளுக்கும் அனுப்பும் நாளுக்கும் இடையே விகிதம் மாறினால் நஷ்டம் பட்டறைக்கு என்பது பலவீனம். செதுக்கவே வாரக்கணக்கில் ஆகும் தொழிலில் இது சின்ன ஆபத்தல்ல. விலைச்சீட்டில் 'இன்ன தேதி விகிதப்படி' என்று எழுதி, வரியைத் தனியே காட்டுவதே நல்லது.

'அன்பளிப்பு' என்று எழுதியோ விலையைக் குறைத்துக் காட்டியோ அனுப்பும் குறுக்குவழியும் எல்லா ஊரிலும் இருக்கிறது. அது சட்டவிரோதம் மட்டுமல்ல. சிலை மூக்கு உடைந்து போய்ச் சேர்ந்தால் காப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும்.

இவற்றை விடப் பெரிய விஷயம் வகைப்பாடு. சுங்க அட்டவணையில் அசல் சிற்பத்துக்குரிய தலைப்பு 9703. செதுக்கிய கல் பொருளுக்கு 6802. அசல் சிற்பம் என்றால் அமெரிக்காவில் சுங்கம் இல்லை. 2025இன் கூடுதல் வரியிலும் கலைப்படைப்புகளுக்கு விலக்கு இருந்தது. பிரிட்டனில் இறக்குமதி வாட் 5 சதவீதமே. 1926இல் நியூயார்க் சுங்கம் சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பத்தைச் சமையல் பாத்திர வகையில் சேர்த்து 40 சதவீதம் கேட்டது. 1928இல் நீதிமன்றம் அதைக் கலை என்றது. மயிலாடிக்கு அந்தத் தீர்ப்பு போதாது. வணிக நோக்கிலான மரபுக் கைவினை 9703இல் சேராது என்று சுங்க அட்டவணையின் குறிப்பே சொல்கிறது. எந்த மரபுக்காகப் புவிசார் குறியீடு கொடுத்தார்களோ, அதே மரபு இங்கே வரியைக் கூட்டுகிறது.

வழக்கமான விநாயகர் 6802இல்தான் போகும். அதில் வாதாட எதுவுமில்லை. சிற்பியே வடிவம் கற்பித்து ஒன்றே ஒன்றாகச் செதுக்கிய சிலையின் நிலை வேறு. அதற்கு அமெரிக்கச் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே வகைப்பாட்டுத் தீர்ப்பு கேட்கலாம், கட்டணமும் இல்லை. உளி பிடிக்கும் கை உட்கார்ந்து எழுதுகிற மனு அல்ல அது. அரசின் பூம்புகார் கைவினைக் கழகமோ சிற்பிகள் சங்கமோ நல்ல மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் மனுவைப் போட வேண்டும்.