இசைவும் மௌனமும்: திருகோணமலையின் இரு கதைகள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கடலுள் நீண்டு நிற்கும் கோணமாமலையோடு இரு பெண்களின் கதைகள் இணைத்து வழங்கப்படுகின்றன. ஒன்று ஆடகசவுந்தரியின் கதை. மற்றையது ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் றீடின் கதை. இரண்டும் காதற் கதைகளாகவே போற்றப்படுகின்றன. ஆண் பெண் உறவில் பெண்ணின் இசைவுக்கு இவை அளிக்கும் இடம் யாது என்பது ஆராயற்பாலது.

ஆடகசவுந்தரி உன்னரசுகிரியை ஆண்ட அரசி. குளக்கோட்டன் கோணேசர் கோயிலில் திருப்பணி செய்வதை அறிந்து, அவனை அகற்றுமாறு தன் அமைச்சனை ஏவினாள் என்பது மரபு. ஆயினும், கதை அவ்விருவரின் திருமணத்தில் நிறைவுறுகின்றது. பகை எவ்வாறு காதலாயிற்று என்பதை மக்கள் வழக்கிலுள்ள கதை அவள் வாய்மொழியாகக் கூறுவதில்லை. கோயிலும் அரசும் தழைக்க வேண்டும் என்பதே கதையின் நோக்கம். அந்நோக்கின்முன் அவளது மறுப்பு நீங்கவேண்டிய தடையாக மட்டுமே எஞ்சுகின்றது.

பிரான்சினாவின் பெயரும் 1687 ஏப்பிரல் 24 என்னும் நாளும் பொறித்த தூண் அம்மலையிலே நாட்டப்பட்டது. காதலன் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிச் செல்லக் கண்டு அவள் கடலிற் பாய்ந்து மாண்டாள் என்னும் கதையை எமர்சன் தெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துரைத்தார். அவள் அதன்பின்னும் பல்லாண்டு வாழ்ந்து மறுமணம் புரிந்தாள் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். எனினும், வாழ்ந்த பெண்ணை மறந்து, மாண்ட பெண்ணையே கதை நினைவிற் கொண்டது. கைவிடப்பட்டவள் மீண்டும் ஒருவனைத் தேர்ந்து வாழ்வது அக்கதையின் சுவைக்குப் பொருந்தவில்லை போலும்.

முதற்கதையில் மறுப்பு மறைகின்றது. இரண்டாவதில் தெரிவு மறைகின்றது. இவ்விரு மறைவுக்கும் வேர் ஒன்றே. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லால் வெளியிடுதல் மரபன்று எனத் தொல்காப்பியம் வகுத்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் பழமொழி இம்மரபின் உலகியல் வடிவமாகும். 'ஆம்' எனச் சொல்லும் உரிமை இல்லாதவள் 'இல்லை' என்று சொன்னாலும் அது நாணமாகவோ ஊடலாகவோதான் கொள்ளப்படும். வற்புறுத்தல் காதலின் வேடத்தை அணிவது இவ்விடத்திலேயே.

பழங்கதைகளை இக்கால அளவுகோலால் அளத்தல் முறையன்று எனச் சிலர் கூறலாம். முன்னோரைக் குற்றவாளிகளாக்குதல் திறனாய்வின் வேலையன்று என்பது உண்மையே. ஆயின், அச்சிந்தனை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995 இல் செய்யப்பட்ட திருத்தம், இசைவின்மையை நிறுவ உடற்காயம் போன்ற எதிர்ப்புச் சான்று இன்றியமையாததன்று எனத் தெளிவுறுத்தியது. மௌனத்தை இசைவாகக் கொள்ளும் வழக்கத்துக்கு அது ஓர் அடி. ஆனால் அதே திருத்தம், நீதிமன்றத் தீர்ப்பினாற் பிரிந்து வாழும் மனைவியின் இசைவை மட்டுமே கணவனுக்கு எதிராகக் காத்தது. ஏனைய மனைவியர் மணநாளன்றே என்றென்றைக்குமாக இசைந்துவிட்டனர் என்பதே அதன் உட்பொருள். ஆடகசவுந்தரியின் கதையும் திருமணத்தோடு அவள் மனத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகின்றது.

எனவே, இக்கதைகளைத் துறத்தல் வேண்டியதில்லை. அவற்றைச் சொல்வோர், அரசி ஏன் உடன்பட்டாள் என வினவுதலும், பிரான்சினா வாழ்ந்தாள் எனச் சேர்த்துரைத்தலும் வேண்டும். பெண்ணின் சொல்லுக்குக் கதையில் இடம் பிறந்தால்தான் வாழ்விலும் அது சொல்லாகவே கேட்கப்படும்.