நந்தன் நின்ற வாசல்

ஒரே கதையை மூன்று காலங்கள் மூன்று விதமாகச் சொல்லும்போது, அந்தந்தக் காலத்து அதிகாரத்தின் முகம் அதில் தெரிந்துவிடுகிறது. நந்தனார் வரலாறு இதற்குச் சான்று.

சோழர் காலத்துச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கொடுமை செய்யும் ஆண்டை இல்லை. இறைவன் ஆணைப்படி தீயில் மூழ்கிய நந்தனார் முனிவராக எழுந்து, தில்லை ஆலயத்துள் மறைகிறார். ஆங்கிலேயர் ஆண்ட 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், நிலக்கிழாராகிய வேதியரைக் கதைக்குள் கொணர்ந்தார். பண்ணையடிமையின் துயரம் வெளிப்பட்டது. ஆயினும் அதனைத் தீர்த்தது இறையருளே. விடுதலை பெற்ற இந்தியாவில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘நந்தன் கதை’ நாடகத்திலோ தீ அற்புதமன்று, சூழ்ச்சி. சமயத் தலைமையும் நிலவுடைமையும் கைகோத்து நந்தனை அழிக்கின்றன.

இத்துணிவே நாடகத்தின் வலிமை. ஆனால் சட்டமும் வாக்குச்சீட்டும் கொண்ட மூன்றாவது அதிகாரமொன்று இன்று உண்டு. பழங்கதையில் அதற்கு இடமில்லை. நம் ஊரில் உண்டு.

எல்லா இந்துக்களும் கோயிலுள் வழிபட உரிமை தரும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் பிறந்தது. நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் ஆளுகையிலுள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. அதுவும் மாவட்ட ஆட்சியரும் காவலர்களும் உடன் நிற்க! சட்டத்திற்கும் வாசலுக்கும் இடையே 75 ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அந்நியர் ஆட்சி அகன்றது; ஊர் ஆதிக்கம் அகலவில்லை. அதன்முன் தயங்கி நின்றதும் அரசே. இறுதியில் கதவைத் திறந்ததும் அரசே. இந்த இரட்டை முகத்தையும் காட்டும் நாடகம் இன்று நமக்குத் தேவை.

அடுத்த வீட்டைக் குறைகூறும் பெருமிதம் நமக்கு வேண்டாம். 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கரிடையே மூண்ட சாதிக் கலவரம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இருவர் உயிரிழந்தனர். ஒரே அப்பத்தைப் பகிர்ந்தோர் ஒரே பாதையில் இறந்தோரைச் சுமந்து செல்ல இயலவில்லை.

அரசு கதவைத் திறக்கலாம். அது அதன் கடமை. உள்ளிருப்பவர் எழுந்து வந்து வரவேற்பதைச் சட்டத்தால் செய்விக்க இயலாது. அது சமயத்தின் கடமை. அக்கடமையில் நாம் தவறும்போதுதான் காவலர் வாசலுக்கு வருகின்றனர். கல்வாரியில் ஆண்டவர் உயிர்நீத்தபோது ஆலயத் திரை கிழிந்ததென அறிக்கையிடும் நாம், நம் பங்கில் எந்தத் திரையை இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறோம்?