உறைந்த ஏரிக்கு லைவ் சோனார்: யார் வாங்கலாம், யாருக்கு வேண்டாம்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குளிர் இறுகியதும் ஏரிகளின் மேல் கூடாரங்கள் முளைத்துவிடும். பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி வாலாய், பெர்ச், கிராப்பி மீன்களைப் பிடிப்பது அங்கே குடும்பத்தோடு செய்கிற பொழுதுபோக்கு. பல தலைமுறையாக இதற்குத் துணை நிற்பது ஃபிளாஷர் என்னும் எளிய சோனார். 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு, நீருக்கடியில் நடப்பதை நேரலைப் படமாகக் காட்டும் லைவ் சோனாரும் பனிக்கட்டியின் மேல் ஏறிவிட்டது. ஃபிளாஷரைச் சில நூறு டாலருக்கு வாங்கிவிடலாம். திரை, மின்கலம், பையோடு கூடிய லைவ் சோனார் தொகுப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். புதிய கருவியின் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் அது தீர்க்கும் சிக்கல் வேறு. அந்தச் சிக்கல் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் இந்த விலையை மதிப்பிட வேண்டும்.

முதலில் ஃபிளாஷர். துளைக்குள் தொங்கும் அதன் டிரான்ஸ்டியூசர் ஒலித்துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. மீனிலும் ஜிக் என்னும் எடைத்தூண்டிலிலும் ஏரித்தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி, வட்ட முகப்பில் வண்ணக் கோடுகளாக விழுகிறது. உறைநிலையை ஒட்டிய நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் ஓடும்; 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் எழுபதில் ஒரு பங்கு போதும். ஜிக்கை ஒரு விரற்கடை உயர்த்தினால் முகப்பில் கோடும் உடனே உயர்கிறது. மீன் நெருங்க நெருங்க அதன் கோடு பச்சையிலிருந்து சிவப்பாகித் தடிக்கிறது, விலகினால் வெளிறுகிறது. துளையிடும் முன்பே ஆழம் பார்க்கவும் வழியுண்டு. வெண்பனியை ஒதுக்கி, தெளிந்த பனிக்கட்டியின் மேல் சிறிது நீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை அழுத்தி வைத்தால் போதும். நடுவே காற்று இல்லாதவரை ஒலி கடந்துவிடும். ஆக, மீன் நம் துளைக்குக் கீழே வந்துவிட்டால் அதைக் கொத்த வைக்கத் தேவையான தகவல் ஏறத்தாழ முழுவதையும் ஃபிளாஷரே தந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெரிய வண்ணத்திரை கூடுதலாகச் சொல்வது குறைவு.

மீன் கீழே இல்லாதபோதுதான் வேறுபாடு தெரிகிறது. 20 பாகை ஒலிக்கூம்பு கொண்ட ஃபிளாஷர் 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மட்டுமே காண்கிறது. பரப்பளவில் அது 10 சதுர மீட்டர்கூட இல்லை. லைவ்ஸ்கோப்போ மேலும்கீழுமாக 135 பாகை விரிந்த விசிறிபோல் முன்னோக்கிப் பார்க்கிறது. டிரான்ஸ்டியூசர் பொருத்தித் துளைக்குள் இறக்கிய கம்பத்தைக் கையால் திருப்பிக்கொண்டே வந்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் திரைக்கு வருகிறது. அதன் பெயரளவு எல்லை 200 அடி. நடைமுறையில் நம்பிப் படிக்கக்கூடியது 15 மீட்டர்தான் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரே துளையிலிருந்து 700 சதுர மீட்டர் தேடிவிடலாம். ஃபிளாஷரோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ எழுபது மடங்கு. 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த மில் லாக்ஸ் போன்ற ஏரியில், நடுநீரில் கூட்டமாக அலையும் மீனைத் தேடுபவருக்கு இந்த எழுபது மடங்கு பெரிய வரம். வீட்டருகே உள்ள சிறிய ஏரியில், ஆண்டுதோறும் மீன் கூடும் மேட்டுக்கு நேராகப் போய் அமர்பவருக்கு இதனால் பெரிய பயனில்லை.

குறைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த விசிறியின் பக்கவாட்டு அகலம் 20 பாகைதான். கம்பம் சற்றே விலகினாலும் மீன் திரையிலிருந்து மறைந்துவிடும். அது ஓடிவிட்டதா, நாம் பார்வையைத் தவறவிட்டோமா என்று புதியவருக்குப் புரியாது. திரையில் தெரிவது எந்த மீன் என்று சோனார் சொல்லாது. உருவளவையும் நடத்தையையும் வைத்து ஊகிக்க வேண்டும். தெளிந்த நீரில் மீனை அடையாளம் காண நீருக்கடிக் கேமராவே மேல். மின்சாரமும் அதிகம் வேண்டும். லித்தியம் மின்கலம் எடை குறைந்தது என்றாலும் கடுங்குளிரில் அதன் திறன் சுருங்கும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் தணிந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும்.

இவ்வளவு கூர்மையான கருவி ஏரியையே காலி செய்துவிடாதா என்பது பலரும் எழுப்பும் எதிர்ப்பு. இதை லேசாக ஒதுக்க முடியாது. ஒருவர் எத்தனை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எத்தனை பிடித்து விடுவிக்கலாம் என்பதற்குப் பொதுவாக வரம்பு இல்லை. விடுவித்த மீன் எல்லாம் பிழைப்பதும் இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து தூக்கினால் காற்றுப்பையில் உள்ள வாயு இரு மடங்காக விரியும். லேக் டிரவுட் அந்தக் காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். வாலாய், பெர்ச், கிராப்பி மீன்களால் அது முடியாது. உள்ளுறுப்புகள் நசுங்கிய மீனை நீரில் விட்டாலும் அது உயிர்தப்புவது கடினம். மாநில அரசும் ஒஜிப்வே பழங்குடியினரும் சேர்ந்து வாலாய் வளத்தைக் காக்கும் மில் லாக்ஸில், விடுவித்த பின் இறக்கும் மீன்களும் மாநிலத்தின் பங்கில் கழிக்கப்பட்டிருக்கின்றன. லைவ் சோனாரை வைத்துக்கொண்டு ஆழக்குழியில் கூட்டத்தைக் கண்டுபிடித்து, அளவில் பெரியது வரும்வரை ஒவ்வொன்றாய்த் தூக்கி விடுவது தவறு. அதே திரை, கூட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைத் தூண்டில் இறக்கும் முன்பே சொல்லிவிடுகிறது. ஆழமாயிருந்தால் வேறு இடம் போகலாம். அல்லது உண்பதற்கு வேண்டிய அளவு பிடித்ததும் நிறுத்திவிடலாம்.

திறமைக்கு இனி என்ன இடம் என்பது அடுத்த எதிர்ப்பு. படகில் நடக்கும் மீன்பிடிப் போட்டிகளிலும் இது பெரும் விவாதமானது. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025 பருவத்தில் தன் முதன்மைத் தொடரில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இத்தகைய சோனாரை அனுமதித்தது. போட்டிக்கு அந்த வரையறை நியாயமானது. பொழுதுபோக்காகப் பிடிப்பவருக்கு மீனைக் காண்பது தொடக்கம்தான். திரையில் ஜிக்கை நெருங்கி, முகர்ந்து, திரும்பிப் போகும் மீன்களே மிகுதி. அவற்றைக் கொத்த வைக்கும் கைப்பக்குவத்தை எந்தக் கருவியும் தராது.

முடிவாக, பனிக்கட்டி மீன்பிடிப்புக்குப் புதியவர்களும் சிறிய ஏரிகளில் தெரிந்த இடத்தில் அமர்பவர்களும் ஃபிளாஷரே வாங்குங்கள். பெரிய ஏரிகளில் அலையும் கூட்டங்களைத் தேடி நாள் முழுவதும் நகர்பவர் என்றால் லைவ் சோனார் விலைக்குத் தகுந்த பலன் தரும். அப்படி நகரும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கருவிகள் எதுவும் காலடிப் பனிக்கட்டியின் வலிமையைச் சொல்வதில்லை. நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும். வெண்ணிறப் பனிக்கட்டி என்றால் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். பனிக்கட்டியைக் குத்திப் பார்க்கும் இரும்புக் கடப்பாரையையும் மிதவைச் சட்டையையும் வாங்கிய பிறகு, மிச்சப் பணத்துக்குச் சோனார் பாருங்கள்.