பில்டும் டெஸ்டும்: எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கக் கூடாது

கிளஸ்டரில் 64 நோடுகளை ஸ்லர்ம் என்ற வேலை-வரிசை மென்பொருளிடம் கேட்டு, வரிசையில் காத்திருந்து வாங்குகிறோம். அதற்குப் பிறகு ஒரு நோடு மட்டும் 20 நிமிடம் மென்பொருளை கம்பைல் செய்தால், மீதி 63 நோடுகளும் வேலையின்றிக் கிடக்கும். 21 நோடு-மணி வீண். பலரும் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில் அது இன்னொருவரின் ஆய்வுக்குப் போயிருக்க வேண்டிய நேரம். பில்டையும் டெஸ்டையும் தனித்தனிக் கட்டங்களாக்க இந்த ஒரு காரணமே போதும்.

நோடுகள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் எம்பிஐ நூலகங்களில் ஒன்றான ஓப்பன் எம்பிஐயின் திட்டத்தார் உருவாக்கிய எம்டிடி என்ற சோதனைக் கருவி இந்தப் பிரிவினையை அடித்தளமாகவே கொண்டது. எம்பிஐ மூலநிரலைப் பெறுதல், நிறுவுதல், சோதனை நிரல்களைப் பெறுதல், கம்பைல் செய்தல், ஓட்டுதல், முடிவுகளை அனுப்புதல் என்று அதில் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. எந்தக் கட்டத்தையும் தனியாக ஓட்டலாம். முதல் நான்கையும் பயனர்கள் உள்நுழையும் லாகின் நோடில் முடித்துவிட்டு, ஓட்டுவதை மட்டும் ஸ்லர்ம் ஜாபாக அனுப்பலாம். இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று கம்பைலர்கள், நான்கு அமைப்புகள் என்றால் 12 பில்டுகள். ஒன்று தோற்றாலும் மற்ற 11 சோதனைக்குப் போகும். தோல்வி கம்பைலில் வந்ததா, ஓட்டத்தில் வந்ததா என்பதும் அறிக்கையிலேயே பிரிந்து தெரியும்.

ஆனால் லாகின் நோடில் பில்ட் செய்யும் பழக்கத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓப்பன் எம்பிஐயின் கான்ஃபிகர் நிரல், தான் ஓடும் கணினியில் எந்த நூலகங்கள் இருக்கின்றன என்று தேடி, கிடைத்தவற்றுக்கான ஆதரவை மட்டும் சேர்க்கும். லாகின் நோடில் இன்ஃபினிபேண்டு என்ற அதிவேக வலைப்பின்னலுக்கான யுசிஎக்ஸ் நூலகம் இல்லையென்றால், அந்தப் பகுதியைச் சத்தமின்றி விட்டுவிடும். பில்ட் வெற்றி. பிறகு கம்ப்யூட் நோடுகளில் நிரல் சாதாரண டிசிபி வழியாகப் பேசும். சரிபார்ப்புச் சோதனைகள் எல்லாம் தேறும். எந்த வலைப்பின்னலைச் சோதிக்க வந்தோமோ அதை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். பொய்யான தேர்ச்சியைவிட நேர்மையான தோல்வி எவ்வளவோ மேல்.

சில்லு வேறுபாடும் இப்படித்தான். ஓடும் கணினியின் சில்லுக்கே ஏற்ப கம்பைல் செய்யச் சொன்னால், லாகின் நோடின் சில்லில் ஏவிஎக்ஸ்-512 கட்டளைத் தொகுப்பு இருந்து கம்ப்யூட் நோடில் இல்லாதபோது நிரல் தவறான கட்டளை என்று நின்றுவிடும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை, பரவாயில்லை. லாகின் நோடு பழையதாக இருந்தால்தான் சிக்கல்: நிரல் ஓடும், வேகம் மட்டும் குறையும், அந்த எண்ணை மென்பொருளின் வேகமென்று நம்புவோம்.

என் முடிவு இது: பில்டையும் டெஸ்டையும் காலத்தால் பிரிக்கலாம், இயந்திரத்தால் பிரிக்கக் கூடாது. பில்டை ஒரே ஒரு கம்ப்யூட் நோடில் சிறு ஜாபாக ஓட்டி, அது வெற்றி பெற்றால் மட்டும் சோதனை ஜாப் தொடங்கும்படி ஸ்லர்மில் சார்பு வைக்கலாம். யுசிஎக்ஸ் வேண்டுமென்று கான்ஃபிகரிடம் வெளிப்படையாகச் சொன்னால், அது கிடைக்காதபோது பில்டே தோற்கும். ஓட்டும்போதும் யுசிஎக்ஸையே கட்டாயமாக்க வேண்டும். இடையில் நிர்வாகி நூலகங்களைப் புதுப்பித்திருக்கலாம் என்பதால், இரண்டு கட்டங்களிலும் ஏற்றியிருந்த மாட்யூல்களின் பட்டியலை முடிவோடு சேர்த்து வைப்பதும் அவசியம்.

உங்கள் குழுவின் இரவுச் சோதனைகள் இன்றும் லாகின் நோடில் பில்ட் ஆகின்றன என்றால், புதிதாக ஒரு சோதனை எழுதும் முன் அதை மாற்றுங்கள்.