சோற்றைத் தொடாத மாத்திரை

எடைகுறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோவும் வீகோவியும் 2025இல் இந்தியாவுக்கு வந்தபிறகு, பழைய ஆர்லிஸ்டாட் மாத்திரைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊசி வாங்கப் பணமில்லாதவருக்கு இது போதும், ரத்தத்தில் கலக்காததால் பயமில்லை என்கிறார்கள். காரைக்காலில் இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது என்பது சரி. கொழுப்பைச் செரிக்கவைக்கும் லைபேஸ் நொதியை வயிற்றிலும் குடலிலும் முடக்குவதுதான் அதன் வேலை. உண்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடைபடாமல் மலத்தோடு போய்விடும். ஸ்வீடனில் நான்காண்டு நடந்த ஜெண்டாஸ் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.8 கிலோ குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3 கிலோ. நீரிழிவும் குறைவாகவே வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அது வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தின்னும் நாடு. நம் தட்டில் இருப்பது சோறு. இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு. அதே ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கில், காரைக்காலும் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உடல் பருமன், நான்கில் ஒருவருக்கு நீரிழிவு. ஒரு நாளைக்கு 50 கிராம் கொழுப்பு உண்பவரிடம் மாத்திரை தடுப்பது 15 கிராம், அதாவது 135 கலோரி. நூறு கிராம் சோற்றில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. ஒரு கரண்டியைக் குறைத்தால் கிடைப்பதற்கு மூன்று வேளையும் மாத்திரையா? இனிப்புத் தேநீரை அது தொடாது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை இங்கே இழுத்துவரும் மலிவு மதுவையும் தொடாது. ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி அப்படியே உடம்பில் சேரும்.

எண்ணெய்க் கசிவு, அடக்க முடியாத அவசரம், துணியில் கறை: இவற்றையும் நல்லது என்கிறார்கள், கொழுப்பை விடக் கற்றுக்கொடுக்கிறதாம். என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான். மத்திக் குழம்பும் தேங்காய்ப் பாலும் சாப்பிட்டவரைத் தண்டிக்கிறது; நான்கு கரண்டி சோறும் ரசமும் சாப்பிட்டவரை ஒன்றும் செய்வதில்லை. கடலோர ஊருக்கு இதைவிடத் தவறான பாடம் இல்லை. கொழுப்போடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகும் என்பதால் படுக்கும்போது இன்னொரு மாத்திரை வேறு. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரத்தைக் கண்காணிக்க வேண்டும். அரிதாகக் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்திருப்பதை 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையில் சேர்த்தது. மருந்துக்கடை மேசையில் இவற்றில் ஒன்றையாவது சொல்லி நான் கேட்டதில்லை.

என் உறவுப் பெண் ஒருவருக்கு நாகப்பட்டினம் பேருந்தில் புடவை கறைபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதார். மாத்திரையை விடவில்லை, மீனை விட்டார். குழம்பில் ருசி இல்லாததால் தயிர்ச்சோறு கூடுதலாக இறங்கியது. மூன்றாம் மாதம் மாத்திரையும் நின்றது. மீன் இன்னும் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சோற்றுப் பானை மட்டும் பெரிதாகியிருக்கிறது.