வசையும் தலைப்பும்

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே, ‘ஆல்பர்ட்’ என்ற ஞானஸ்நானப் பெயரை உதறி இக்போப் பெயரோடு நின்றதைப் பிரக்ஞை விழிப்பு என்று மெச்சுகிறோம். அதுவே செங்கல்பட்டுப் பக்கம் நடந்தால் சாதி உணர்வு. தாம்பரத்திலிருந்து ரயிலில் பரங்கிமலையைத் தாண்டும்போதெல்லாம் இது எனக்கு உறுத்துகிறது. எம். சி. ராஜா 1883இல் பிறந்த ஊர் அது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்று சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானம் 1922இல் அரசாணையாயிற்று. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனோ 1893இலேயே தன் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டார். இரண்டில் இதுவே எழுத்தாளனின் காரியம் என்று எனக்குப் படுகிறது. வசை அப்படியே இருக்க, அதைச் சொல்கிறவன் மாறிவிட்டான். புதுக்கவிதையின் சொல்லாட்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கியதுண்டா?